மூளைக்குக் கவாத்து நடக்கும் வயதில் கஞ்சா

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகன் மொட்டைமாடியில் என்னை மடக்கினான். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். "மாமா, சாராயத்துக்கு அரசாங்கமே கடை வச்சிருக்கு. கஞ்சா வெறும் செடி. அதை அடிச்சு யாரும் செத்ததா நான் கேள்விப்பட்டதில்ல. கனடாவுல கடையிலயே விக்கிறாங்க. அப்புறம் எதுக்கு இவ்ளோ பயமுறுத்துறீங்க?"

நீ அடிக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒழுங்கான பதிலும் என்னிடம் இல்லை. "உடம்புக்குக் கெடுதல்டா" என்று மழுப்பினேன். அவன் சிரித்துவிட்டுப் பட்டம் விடப் போய்விட்டான்.

பிறகு உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். அவன் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை நாம் ஒப்புக்கொள்ளாமல் மிரட்டுவதால்தான், நாம் சொல்லும் மீதியையும் பிள்ளைகள் நம்புவதில்லை. கஞ்சாவைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது "எந்த வயதில்" என்பதுதான். நாற்பது வயதுக்காரர் உடம்பில் அது செய்கிற வேலையும் பதினைந்து வயதுப் பையனின் மூளையில் செய்கிற வேலையும் ஒன்றில்லை. ஏன் என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

செடி என்பது உண்மைதான். பூத்துக் காய்க்கும் நுனிப்பகுதி கஞ்சா, பிசின் சரஸ், இலை பாங்கு. அரளியும் செடிதான் என்பதை மட்டும் இங்கே சொல்லிவிட்டு நகர்கிறேன். இந்தச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டு வேதிப்பொருட்கள் உண்டு. போதை தருவது முக்கியமாக அவற்றில் ஒன்று: டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி. 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் யெகியேல் காவோனியும் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அப்புறம்தான் சுவாரசியமான கேள்வி எழுந்தது. எங்கோ முளைக்கும் ஒரு செடியின் சாறு மனித மூளையில் ஏன் இவ்வளவு கச்சிதமாகப் போய் ஒட்டிக்கொள்கிறது?

விடை 1988-ல் கிடைக்கத் தொடங்கியது. மூளையின் நரம்பணுக்களில் டி.எச்.சி. வந்து உட்காரும் இருக்கைகள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஏற்பிகள் என்று பாடப்புத்தகம் சொல்லும். செடிக்காக மூளை நாற்காலி போட்டு வைத்திருக்காது அல்லவா? அப்படியானால் அந்த நாற்காலிக்கு உரிய ஆள் மூளைக்குள்ளேயே இருக்க வேண்டும். 1992-ல் அந்த ஆளும் அகப்பட்டார். நம் உடம்பே சுரக்கும் அந்தப் பொருளுக்கு 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். ஆம், நம் 'ஆனந்தம்' என்ற அதே சொல்தான்.

இந்த உள்ளூர் சரக்கு என்ன செய்கிறது? நாதஸ்வரக் கச்சேரியில் கவனித்திருப்பீர்கள். வித்வான் வாசித்துக்கொண்டே தவில்காரரைப் பார்த்து ஒரு கண் காட்டுவார். "கொஞ்சம் அடக்கு" என்று அர்த்தம். மூளையிலும் அதுதான் நடக்கிறது. ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி அனுப்பும்போது, வாங்கிக்கொள்ளும் அணு திருப்பிக் கண் காட்டுகிறது: "போதும், நிதானமாக அனுப்பு." தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் அளவுக்கு, ஒரு கணம் மட்டும். டி.எச்.சி. உள்ளே வந்தால், வெளியாள் ஒருவர் மேடையேறி எல்லோரையும் பார்த்து மணிக்கணக்கில் கண் காட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. தவில், தாளம், ஒத்து என எல்லாம் குழம்புகிறது. நேரம் மெதுவாகப் போவதாகத் தோன்றுவதும், சாதாரண பாட்டு அபாரமாகக் கேட்பதும், சொல்லவந்தது பாதியில் மறந்துபோவதும் இதனால்தான். நினைவைப் பதிவு செய்யும் பகுதி, உடலின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமூளை, திட்டமிடும் முன்பகுதி, இந்த மூன்றிலும் அந்த நாற்காலிகள் நிறைய இருக்கின்றன.

மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் மட்டும் அவை குறைவு. அதனால்தான் ஹெராயின் அளவு மீறினால் மூச்சு நின்று போவதுபோல் கஞ்சாவில் நடப்பதில்லை. "யாரும் செத்ததில்ல" என்று அக்கா மகன் சொன்னதற்குப் பின்னால் இருக்கும் உண்மை இவ்வளவுதான். கஞ்சா அடித்துவிட்டுப் பைக்கை எடுப்பவன் விஷயம் வேறு. கை கால் ஒத்துழைப்பும் எதிரே வருவதற்குச் சட்டென்று பிரேக் போடும் வேகமும் குறைந்திருக்கும் என்பதை அவன் உணர மாட்டான்.

வயது ஏன் முக்கியம்

தோட்டக்காரர்களுக்குக் கவாத்து தெரியும். மல்லிகைக்கும் முருங்கைக்கும் வேண்டாத கிளையை வெட்டிவிடுவார்கள். வெட்டினால்தான் அடுத்த முறை நன்றாகப் பூக்கும், காய்க்கும். மூளையும் இதையே செய்கிறது. குழந்தைப் பருவத்தில் நரம்பணுக்களுக்கு இடையே இணைப்புகள் எக்கச்சக்கமாக முளைத்துக் கிடக்கும். பதின்பருவம் தொடங்கியதும் மூளை கத்தரியை எடுக்கிறது. அடிக்கடி பயன்படும் இணைப்பை வைத்துக்கொள்கிறது, மற்றதை வெட்டுகிறது. வைத்துக்கொண்டதற்கு மின்கம்பிக்குப் போடுவதுபோல் கொழுப்பு உறை போட்டுச் செய்தி வேகமாகப் போக வழி செய்கிறது. இந்த வேலை இருபதுகளின் நடுப்பகுதிவரை, சுமார் 25 வயதுவரை நீள்கிறது.

இந்தக் கவாத்து பின்னாலிருந்து முன்னால் வருகிறது. பார்ப்பது, அசைவது போன்றவற்றுக்கான பகுதிகள் சீக்கிரம் தயாராகிவிடும். கடைசியாக முடிவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி. யோசித்துச் செய்வது, ஆசையை அடக்குவது, "நாளைக்கு என்ன ஆகும்" என்று கணக்குப் போடுவது எல்லாம் அங்கேதான். பதினாறு வயதில் இன்பத்தைத் தேடும் பகுதி முழு வேகத்தில் ஓட, பிரேக் பிடிக்கும் பகுதி இன்னும் கட்டுமானத்தில் இருக்கும். பெற்றோர் இதற்கு வைத்திருக்கும் பெயர் திமிர்.

இப்போது கஞ்சாவுக்கு வருவோம். எந்த இணைப்பை வைப்பது, எதை வெட்டுவது என்று தீர்மானிக்கும் வேலையில் அந்தக் கண் காட்டும் ஏற்பாட்டுக்கும் பங்கு இருக்கிறது. கவாத்து முடிந்த மரத்தை யாராவது ஆட்டிவிட்டுப் போனால் கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிடும். தோட்டக்காரர் கத்தரியோடு நிற்கும்போது தினமும் அவர் கையைப் பிடித்து இழுத்தால்? எலிக்குட்டிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பருவ வயதில் டி.எச்.சி. கொடுக்கப்பட்ட எலிகளிடம், வளர்ந்த பிறகும் நினைவாற்றலிலும் பழகும் விதத்திலும் மாற்றம் தங்கிவிடுகிறது. வளர்ந்த எலிக்கு அதே டி.எச்.சி.யைக் கொடுத்தால் அந்த அளவுக்குத் தங்குவதில்லை. எலி வேறு, மனிதன் வேறு என்பது சரி. ஆனால் மனிதப் பிள்ளைகளைக் கூண்டில் வைத்து இப்படிப் பரிசோதிக்க முடியாது. மனிதர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்க்கத்தான் முடியும். அப்படிச் செய்த இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். ஒன்று என்னைக் கவலைப்பட வைத்தது, மற்றது புள்ளிவிவர எண்களை எச்சரிக்கையாகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தது.

சுவீடனும் டனீடினும்

சுவீடனில் ஒரு காலத்தில் இளைஞர்கள் எல்லோரும் கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போக வேண்டும். 1969-70-ல் அப்படிச் சேர்ந்த 45,570 பேரிடம் போதைப்பொருள் பழக்கம் பற்றிக் கேட்டு வைத்திருந்தார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து, அவர்களில் யார் யாருக்கு மனச்சிதைவு நோய் வந்தது என்று மருத்துவமனைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள். முடிவு 1987-ல் வெளியானது. 50 தடவைக்கு மேல் கஞ்சா அடித்ததாகச் சொன்னவர்களுக்கு, அடிக்காதவர்களைவிட மனச்சிதைவு ஆறு மடங்கு அதிகமாக வந்திருந்தது. குடும்பச் சூழல், ஏற்கெனவே இருந்த மனநலச் சிக்கல் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபோது அந்த மடங்கு குறைந்தது, ஆனால் மறையவில்லை.

மனச்சிதைவு என்றால் என்ன என்றும் சொல்லிவிட வேண்டும். யாரும் பேசாமல் குரல் கேட்பது, எல்லோரும் தன்னைக் கண்காணிப்பதாக நம்புவது, யோசனையும் பேச்சும் கோர்வை இழப்பது. பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளிலோ வெளிப்படும். அதாவது கவாத்து நடக்கும் அதே வயதில். மக்கள்தொகையில் நூற்றில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவானவர்களுக்குத்தான் வருகிறது. ஆகவே ஆறு மடங்கு என்றாலும், கஞ்சா அடித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வராது. "கஞ்சா அடிச்சா பைத்தியம் பிடிக்கும்" என்று போகிறபோக்கில் சொல்வது இதனால்தான் எடுபடுவதில்லை. அடித்தும் நன்றாக இருக்கும் நாலு பேரைப் பையனுக்குத் தெரியும்.

சொல்ல வேண்டியது வேறு. அந்தச் சிலரில் தானும் ஒருவனா என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. குடும்பத்தில், பெரியப்பாவுக்கோ அத்தைக்கோ, இப்படி ஒரு நோய் இருந்திருந்தால் ஆபத்து கூடுதல். நம் வீடுகளில் "அவருக்குக் கொஞ்சம் மண்டை சரியில்ல" என்று கிசுகிசுத்து மூடிவைத்திருப்போம். பிள்ளைக்குத் தெரிய வேண்டிய தகவல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

2019-ல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்த ஆய்வு இந்தப் படத்தை இன்னும் துல்லியமாக்கியது. தினமும் அடிப்பவர்களுக்கு சைக்கோசிஸ், அதாவது நிஜமும் கற்பனையும் கலந்துபோகும் நிலை, வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல். 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் டி.எச்.சி. உள்ள வீரியமான வகையைத் தினமும் அடித்தால் ஏறக்குறைய ஐந்து மடங்கு. எவ்வளவு, எத்தனை தடவை, எந்த வகை என்பதெல்லாம் கணக்கில் வருகிறது.

அடுத்தது நியூசிலாந்தின் டனீடின். அந்த ஊரில் 1972-73-ல் பிறந்த 1,037 பேரைக் குழந்தையிலிருந்து இன்றுவரை பின்தொடர்கிறார்கள். உலகில் இப்படி நீண்ட ஆய்வுகள் சிலதான். 2012-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு தலைப்புச் செய்தியானது. பதின்பருவத்தில் தொடங்கி விடாமல் அடித்தவர்களுக்கு 38 வயதில் பார்க்கும்போது நுண்ணறிவு ஈவு, அதான் ஐ.க்யூ., சராசரியாக சுமார் 8 புள்ளி இறங்கியிருந்தது. வயது வந்தபின் தொடங்கியவர்களிடம் அந்த இறக்கம் இல்லை.

கேட்டதும் மிரளவைக்கும் எண். பல விழிப்புணர்வுப் பேச்சுகளில் இது வருகிறது. ஆனால் இதோடு நிறுத்திவிடுவது நேர்மையில்லை. அடுத்த ஆண்டே நார்வேயைச் சேர்ந்த ஒரு பொருளாதார ஆய்வாளர், இந்த இறக்கத்துக்கு குடும்பத்தின் வசதி வித்தியாசங்களும் காரணமாக இருக்கலாமே என்று கேட்டார். 2016-ல் அமெரிக்காவில் இரட்டையர்களை ஒப்பிட்டார்கள். ஒருவன் கஞ்சா அடித்தவன், அவனோடு பிறந்தவன் அடிக்காதவன். இருவருக்கும் ஐ.க்யூ.வில் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே "எட்டுப் புள்ளி போயிடும்" என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது இது: தொடர்ந்து அடிக்கும் காலத்தில் கவனமும், புதிதாகப் படித்ததை மனதில் நிறுத்துவதும் அடிவாங்குகின்றன. போதை இறங்கிய பிறகும் சில நாள் அந்த மந்தம் இருக்கும். நிறுத்திச் சில வாரங்களில் பெரும்பாலும் தேறிவிடுகிறது. நல்ல செய்திதான். ஆனால் பதினொன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் அந்தச் சில வாரங்களுக்காகக் காத்திருக்காது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2014 ஆய்வில், 17 வயதுக்குள் தினமும் அடித்தவர்கள் பள்ளிப்படிப்பை முடிப்பதே வெகுவாகக் குறைந்திருந்தது.

மனச்சோர்வு பற்றியும் ஒரு வரி. 11 ஆய்வுகளின் 23,317 பேரைச் சேர்த்துப் பார்த்து 2019-ல் எழுதியவர்கள், பதின்பருவத்தில் அடித்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுவதாகக் கண்டார்கள். மனம் சரியில்லாமல் அடித்தார்களா, அடித்ததால் சரியில்லாமல் போனதா என்ற முடிச்சு இங்கே முழுவதும் அவிழவில்லை. டென்ஷன் போகும் என்று தொடங்குகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

"நினைச்சா விட்டுடுவேன்"

கஞ்சாவுக்கு அடிமையாக மாட்டார்கள் என்பது பரவலான நம்பிக்கை. ஒருமுறையாவது அடித்தவர்களில் சுமார் 9 சதவீதம் பேர் அடிமையாகிறார்கள் என்பது நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. சிகரெட்டோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் பதின்பருவத்தில் தொடங்கியவர்களை மட்டும் எடுத்தால் அது 17 சதவீதம், ஆறில் ஒருவர். இங்கேயும் வயது. நம்மூரில் பெரும்பாலும் சிகரெட்டைப் பிரித்துப் புகையிலையோடு கலந்து சுருட்டுகிறார்கள். அப்போது நிகோட்டினும் சேர்ந்தே உள்ளே போகிறது. கஞ்சாவை விட்டவன் சிகரெட்டை விடமுடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கலாம்.

வீரியமும் பழைய அளவில் இல்லை. அமெரிக்காவில் பறிமுதல் செய்த கஞ்சாவை ஆண்டுதோறும் சோதிக்கிறார்கள். 1995-ல் சராசரி டி.எச்.சி. 4 சதவீதம், 2014-ல் 12 சதவீதம். "எங்க காலேஜ் டேஸ்ல நாங்களும் அடிச்சோம், ஒண்ணும் ஆகல" என்று சொல்லும் சித்தப்பாக்கள் கவனிக்க. நம்மூர்ப் பொட்டலத்தில் சீட்டு ஒட்டியிருக்காது. எத்தனை சதவீதம், வேறு என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

பள்ளிக்கூடம் பக்கம் கஞ்சா சாக்லேட் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு. புகையாக உள்ளே போனால் சில நிமிடங்களில் ஏறும். சாப்பிட்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொன்றை வாயில் போட்டுக்கொள்வான். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும்போது நெஞ்சு படபடக்கும், தான் சாகப்போவதாகப் பயம் பிடிக்கும். அப்படி நடந்தால் திட்டிக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். என்ன சாப்பிட்டான் என்பதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

சரி, கனடா? 2018 அக்டோபரில் அங்கே சட்டபூர்வமாக்கினார்கள், கடையில் விற்கிறார்கள், உண்மை. ஆனால் பெரும்பாலான மாகாணங்களில் 19 வயதுக்குக் கீழே விற்பனை கிடையாது. கியூபெக் 2020-ல் அதை 21 ஆக உயர்த்தியது. சிறுவர்களுக்கு விற்றால் 14 ஆண்டுவரை சிறை. ஜெர்மனி 2024-ல் அனுமதித்தபோது இன்னும் நுணுக்கமாகப் போனது. 18 வயதானவருக்குக் கிடைக்கும், ஆனால் 21 வயதுக்குள் என்றால் கஞ்சா சங்கங்களில் மாதம் 30 கிராமுக்கு மேல் கிடையாது, டி.எச்.சி. 10 சதவீதத்துக்கு மேலும் இருக்கக்கூடாது. கடை திறந்த நாடுகளே வாசலில் வயதைக் கேட்கின்றன. அக்கா மகனிடம் போனில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அப்போ இருபத்தஞ்சுக்கு மேல ஓகேவா மாமா?" என்றான். ஆபத்து குறையும், பூஜ்யம் ஆகாது, இங்கே சட்டப்படி அப்போதும் குற்றம் என்றேன். முதல் தடவையாக என் பதிலை அவன் எதிர்த்துப் பேசவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1985-ன் என்.டி.பி.எஸ். சட்டப்படி, அதாவது இந்தியாவின் போதைப்பொருள் சட்டப்படி, கஞ்சா பயன்படுத்தினாலே ஆறு மாதம்வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். ஒரு கிலோவரை 'சிறிய அளவு' என்று கணக்கு. அதை வைத்திருந்தால் ஓராண்டுவரை சிறை கிடைக்கலாம். நண்பனின் பையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தவன் மாட்டிக்கொள்வது இப்படித்தான். வெளிநாட்டு வேலைக் கனவு உள்ளவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். டி.எச்.சி. கொழுப்பில் கரைந்து தங்கும் பொருள். தொடர்ந்து அடித்தவரின் சிறுநீரில் வாரக்கணக்கில் தெரியும். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை.

அதே இந்தியச் சட்டத்தில் பலருக்கும் தெரியாத 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், பயன்படுத்திய குற்றத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ அவர்மேல் வழக்கு நடத்தாமல் விலக்கு தருகிறது. "ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிடுமோ" என்று பயந்து பிள்ளையை வீட்டில் பூட்டி வைப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் சந்தேகம் வந்தால் எடுத்தவுடன் பையைக் குடைவதைவிட, சாவகாசமான ஒரு நேரத்தில் கேட்பது பலன் தரும். சிவந்த கண் இரவெல்லாம் போன் பார்த்ததாலும் வரும். மாதக்கணக்கில் நண்பர் கூட்டம் மாறுவது, பிடித்த விளையாட்டை விடுவது, மார்க் சரிவது, பணம் குறைவது எல்லாம் சேர்ந்து வந்தால் கவனிக்க வேண்டும். யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தனியாக இருக்கும்போதும் சொன்னால் மனநல மருத்துவரைப் பார்க்க ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கஞ்சாவை விடவைக்கும் மாத்திரை என்று தனியாக எதுவும் இல்லை. பேச்சு வழியான சிகிச்சைதான், குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்தால் இளையவர்களிடம் அது நன்றாக வேலை செய்கிறது.

விட்ட பிறகு வரும் முதல் வாரத்தில்தான் பல வீடுகளில் சண்டை வெடிக்கிறது. பையன் எல்லாவற்றுக்கும் எரிந்து விழுவான், தட்டைத் தள்ளிவிடுவான், ராத்திரி தூங்காமல் நடப்பான், வியர்க்கும். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்" என்று அம்மா நினைப்பார். பல நேரம் அது நிறுத்தியதன் அறிகுறி. ஒரு நாளைக்குள் தொடங்கி முதல் வாரம் உச்சத்தில் இருந்து, இரண்டாவது வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் தணிந்துவிடும். தூக்கம் மட்டும் கொஞ்சம் தாமதமாகத் திரும்பும்.